பொருள்: மறு: மறு: ‘வர்க்கமிலி’ சரியா? (வெள்ளிக்கிழமை அச்சு)

ரோஸ் ஹில்:
வணக்கம். 123456789-இன் பண்புகளைப் பற்றிய பயிற்சித்தாள் வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. ஒரே ஒரு சொல் இடறுகிறது. எந்தப் பகாக் காரணியும் இரண்டாம் முறை வராத எண்ணுக்கு என்ன பெயர்? 30 = 2×3×5 அத்தகையது; 12 = 2×2×3 அல்ல. ‘முடிவிலி’ போல ‘வர்க்கமிலி’ என்று எழுதி வைத்திருக்கிறேன். இங்கே மொரீஷியஸில் பிள்ளைகள் கணிதத்தை ஆங்கிலத்தில் படித்து வீட்டில் கிரியோல் பேசுகிறவர்கள், ஆகவே சொல் நீளக் கூடாது.

மோக்கா:
ஐயா, அது முழு வர்க்கம் அல்லாத எண் என்றே படும். 12, 18, 20 மூன்றையும் வர்க்கமிலி என்று குறித்துவிடுவார்கள். போதாததற்கு 1-உம் வர்க்கம், அது எல்லா எண்ணையும் வகுக்கும். சொல்லை அப்படியே எடுத்தால் ஓர் எண்ணும் தேறாது. ‘மீளாக்காரணி எண்’ என்போம். 1-க்குப் பகாக் காரணியே இல்லை, அதனால் அதுவும் சிக்கலின்றி உள்ளே வரும்.

திரியோலே:
வர்க்கம் வடசொல், சதுரமும் அப்படியே. அதோடு ‘வர்க்கமிலி’ மே தினப் பேச்சு போல ஒலிக்கிறது! வந்ததே திரும்ப வருவதற்கு அணியிலக்கணத்தில் மடக்கு என்று பெயர் உண்டே. ‘மடக்கிலா எண்’. நம் ரூபாய்த் தாளிலேயே தமிழ் எண் இருக்கிறது, பயிற்சித்தாளில் தமிழ்ச்சொல் இருந்தால் என்ன?

மோக்கா:
மடக்கில் சொல் திரும்பும், பொருள் மாறும். 3×3-இல் இரண்டாவது 3-க்கு வேறு பொருளா? சொல்லும் பொருளும் மாறாமல் வந்தால் அது சொற்பொருள் பின்வருநிலை. ‘பின்வருநிலையிலா எண்’ என்று வைக்கலாமா? மடங்கு, மடக்கை என்று ஏற்கெனவே இரண்டு சொற்கள் வேறு வேலையில் இருக்கின்றன, மூன்றாவது வேண்டாம்.

ரோஸ் ஹில்:
அணியை விட்டு எண்ணுக்கு வருவோம். இலக்கக் கூட்டுத்தொகை 45, எனவே 9 வகுக்கும். அதிலேயே 123456789 தோற்றுவிட்டது. வேறு காரணி மீள்கிறதா என்று பார்க்க 9-ஆல் வகுத்தால் கிடைக்கும் 13717421-இன் வர்க்கமூலம் வரை, அதாவது 3703 வரை, பிள்ளைகள் வகுத்துக்கொண்டே போகிறார்கள். கனமூலம் 239 வரை போதும். அதுவரையுள்ள பகா எண் எதுவும் வகுக்காததால், அதில் இரண்டுக்கு மேல் பகாக் காரணிகள் இருக்க இடமில்லை. இனி அது வர்க்கமா என்பதே கேள்வி: 3703² = 13712209, 3704² = 13719616; இடையில் விழுகிறது, வர்க்கமல்ல. ஆக 3 மட்டுமே மீள்கிறது. (பிரித்தே பார்க்க வேண்டுமென்றால் 3607×3803.) 987654321-இல் 3-உம் 17-உம் மீள்கின்றன: 3²×17²×379721. இந்த இடத்தில் ‘மீள்’ என்ற வினை தானாகவே கைக்கு வருகிறது.

பாம்ப்ளமூஸ்:
மீளாக்காரணிக்கு என் வாக்கு. முதல் தடவை அடைப்புக்குள் ‘பகாக் காரணி எதுவும் இருமுறை வராதது’ என்று விளக்கம் போடுங்கள். 1 முதல் 100 வரை இத்தகையவை 61 என்பதையும் சேர்த்தால் பிள்ளைகள் எண்ணிச் சரிபார்ப்பார்கள்.

ரோஸ் ஹில்:
மூன்றுக்கு ஒன்று. அப்படியே அனுப்புகிறேன்.

திரியோலே:
அனுப்புங்கள். ஆனால் அடுத்த பக்கத்தில் 1/81 = 0.012345679012345679… இருக்கிறது, அதை ‘மீளும் தசமம்’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அங்கே மீள்வது இலக்கம், இங்கே காரணி. அந்த 12345679-ஐப் பிரித்தால் 37×333667, மீளாக்காரணி எண்! மீளும் தசமத்துக்குள் மீளாக்காரணி எண் எப்படி வந்தது என்று ஒரு பிள்ளை கேட்கும்போது என் ‘மடக்கு’ என்ற சொல்லை நினைத்துக்கொள்ளுங்கள்.