போட் இன்ஜின் செல்ஃப் விடவே மாட்டேங்குது, பட்டன விட்டாலும் சுத்திக்கிட்டே இருக்கு

ராமேஸ்வரம் போட்காரன்:
அண்ணன்மாருக்கு வணக்கம். விசைப்படகு, ஆறு சிலிண்டர் டீசல், 24 வோல்ட் செல்ஃப் (இன்ஜின சுத்திவிடற ஸ்டார்ட்டர் மோட்டார்). ஜூன் 14ஓட மீன்பிடி தடைக்காலம் முடியுதேன்னு இன்ஜின ஓட்டிப் பாக்கலாம்னு பட்டன அமுக்குனா டொக் டொக்னு தட்டிட்டு அப்புறம் இழுத்து இன்ஜின் எடுத்துருச்சு, ஆனா கைய எடுத்த பிறகும் செல்ஃப் விடல, வீய்ய்னு ஒரே கத்தல். ஸ்டாப் லிவர இழுத்து இன்ஜின நிப்பாட்டுனா செல்ஃப் பாட்டுக்கு இன்ஜினையே சேத்து சுத்துது. மெயின் ஸ்விட்ச ஆஃப் பண்ணதும்தான் அடங்குச்சு, கம்பி தீஞ்ச வாடை வேற. பக்கத்து போட் டிரைவர் செல்ஃபோட பெண்டிக்ஸ் (பல்சக்கர செட்டு) போயிருக்கும், கழட்டுங்கறாரு. இந்த நேரத்துல எல்லா போட்டுலயும் வேலை, மெக்கானிக் கிடைக்கிறதே பெரும்பாடு. எங்க இருந்து பாக்கறது?

காசிமேடு டீசல்:
தம்பி அவசரப்பட்டு பெண்டிக்ஸ கழட்டாத. பெண்டிக்ஸ்ல இருக்கற சின்னப் பல்சக்கரம், பினியன், அது மட்டும் இன்ஜின் ஃபிளைவீல சுத்தியிருக்கற ரிங் கியர்ல மாட்டிக் கிடந்தா இன்ஜின் நின்னதும் சத்தமும் நின்னுரும். உனக்கு இன்ஜின் நின்ன பிறகும் செல்ஃப் சுத்துதுன்னா அதுக்கு கரண்ட் போயிக்கிட்டே இருக்குன்னு அர்த்தம்.

செல்ஃபுக்கு கரண்ட் விடற ஸ்விட்ச்சுதான் சோலினாய்டு, அதுல ரெண்டு பெரிய போல்ட்டு, ஒரு சின்ன டெர்மினல் இருக்கும். சின்னதுக்கு வர்றதுதான் பட்டன் வயர். மெயின் ஆஃப்ல அந்த வயர கழட்டி எங்கயும் படாம டேப் சுத்தி வச்சுட்டு மெயின ஆன் பண்ணு. செல்ஃப் சுத்தலன்னா கோளாறு பட்டன்லயோ ரிலேலயோ, உப்பு ஏறி உள்ள ஒட்டியிருக்கும். வயர் இல்லாமலே சுத்துச்சுன்னா சோலினாய்டு காண்டாக்ட் ஒட்டிக்கிச்சு. ஒரு ஆள் கைய மெயின் ஸ்விட்ச்லயே வச்சிருக்கட்டும்.

இன்னொண்ணு, இன்ஜின் ஓடும்போது மெயின ஆஃப் பண்ணாத, ஆல்டர்னேட்டர் டயோடு போயிரும். நீ நிப்பாட்டிட்டு ஆஃப் பண்ணது நல்லதாப் போச்சு.

நாகை மடி:
எங்க போட்டுலயும் இப்டித்தான் ஆகும், ஸ்பேனரால சோலினாய்டு தலையில நாலு தட்டு தட்டுனா விட்டுரும், அப்டியே ஓட்டிக்கிட்டு இருக்கோம்.

காசிமேடு டீசல்:
விடும் மாப்ள, யாரு இல்லன்னா? அடுத்த தடவை நடுக்கடல்ல ஒட்டும். செல்ஃப் ஒரு தடவை அமுக்குனா அரை நிமிஷம்கூட தாங்காத சாமான், பினியனுக்கும் ரிங் கியருக்கும் பல்லு எண்ணிக்கையில பத்து மடங்குக்கு மேல வித்தியாசம், இன்ஜின் ஆயிரம் ஆர்பிஎம்ல ஓடுனா பினியன் பத்தாயிரத்துக்கு மேல போகும். பினியனோட ஒருவழி கிளட்ச்சு கொஞ்ச நேரம் காப்பாத்தும், அப்புறம் மோட்டாருக்குள்ள சுத்தற ஆர்மேச்சரும் சேந்து போயிரும்.

ராமேஸ்வரம் போட்காரன்:
வயர கழட்டிட்டு மெயின ஆன் பண்ணதும் சுத்த ஆரம்பிச்சிருச்சுண்ணே, உடனே ஆஃப் பண்ணிட்டேன். அப்ப சோலினாய்டுதானே? மாத்திட்டா முடிஞ்சுதா?

காசிமேடு டீசல்:
சோலினாய்டுதான். கழட்டும்போது அதுக்குள்ள இருக்கற பிளஞ்சர் தண்டு ஃப்ரீயா போயி வருதா, பினியன தள்ளற ஃபோர்க்கும் பினியனும் கையால தள்ளுனா திரும்புதான்னு பாத்துக்க, துரு பிடிச்சு பினியன் உள்ளயே நின்னாலும் காண்டாக்ட் விடாது. மூடியத் திறந்தா செம்புத் தட்டு கருகி குழி விழுந்திருக்கும். தட்டத் திருப்பிப் போட்டு போல்ட்டையும் அரைச் சுத்து திருப்பி ஒப்பேத்தலாம், நான்னா புதுசுதான் போடுவேன்.

ஆனா மாத்துனா மட்டும் முடியாது. டொக் டொக்னு தட்டுச்சுன்னு எழுதுனியே, விஷயமே அதுலதான் இருக்கு. தடைக்காலம் 61 நாளும் பேட்டரி சும்மா கிடந்து சார்ஜ் இறங்கியிருக்கும். வோல்ட் இறங்குனா சோலினாய்டு அழுத்திப் பிடிக்காம விட்டு விட்டுப் பிடிக்கும், ஒவ்வொரு தட்டுக்கும் உள்ள தீப்பொறி, வெல்டிங் ராடு ஒட்டுற மாதிரி ஒட்டிக்கும். பலவீனமான பேட்டரியோட புது சோலினாய்டு போட்டா அதும் இதே கதிதான்.

ரெண்டு பேட்டரியையும் தனித்தனியா பாரு, சும்மா இருக்கும்போது ஒவ்வொண்ணும் 12.6 காட்டணும், செல்ஃப் இழுக்கும்போது 9.6க்கு கீழ போகக்கூடாது. ரெண்டும் சேந்து 24 காட்டுதேன்னு விட்டுறாத, ஒண்ணு செத்திருந்தாலும் அப்டி ஏமாத்தும். அடுத்து எர்த். மீட்டர் ஒரு முனைய பேட்டரி நெகட்டிவ்லயும் இன்னொண்ண செல்ஃப் பாடிலயும் வச்சு இழுக்கச் சொல்லு, அரை வோல்ட்டுக்கு மேல காட்டுனா எர்த் கேபிள் முனையில இருக்கற லக்க கழட்டி எமரி பேப்பர் போட்டு கிரீஸ் தடவு. பில்ஜ் தண்ணி (போட்டோட அடியில தேங்கற தண்ணி) தெறிக்கற இடத்துல அந்த லக்குதான் முதல்ல பச்சை பூக்கும்.

பாம்பன் எலக்ட்ரீசியன்:
அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. பேட்டரி பெட்டிய திறந்து கொஞ்ச நேரம் காத்தாட விட்டுட்டு கை வைங்க, சார்ஜ் ஏறும்போது வர்ற தீப்பிடிக்கிற கேஸ் உள்ள நிக்கும், ஒரு பொறி போதும். நெகட்டிவ முதல்ல கழட்டுங்க, மாட்டும்போது அத கடைசியா. பழைய சோலினாய்ட கையோட கடைக்கு எடுத்துட்டுப் போங்க, 12 வோல்ட் சாமானும் பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும், மேல எழுதியிருக்கறத படிச்சு வாங்குங்க.