பிளஸ் ஒன்னிலேயே காலேஜ் கிரெடிட்: வடசென்னைப் பசங்களுக்கு ஆகுமா?

வண்ணை வாத்தி:
பிளஸ் ஒன் பொதுத்தேர்வு 2025-26லிருந்து கிடையாது. அதனால பிளஸ் ஒன் படிக்கற மாநகராட்சிப் பள்ளிப் பசங்க சனிக்கிழமைகளில் தியாகராயா காலேஜுக்கோ வியாசர்பாடி அம்பேத்கர் கலைக்கல்லூரிக்கோ போய், முதல் வருஷப் பேப்பர் ஒண்ணைப் படிச்சு கிரெடிட் (டிகிரிக்குச் சேர்ற புள்ளி) வாங்கட்டுமே? அமெரிக்காவில் டூயல் என்ரோல்மென்ட்னு இதைத்தான் செய்றாங்க. ஒரே பேப்பர், ஸ்கூல் கணக்கிலும் ஏறும், காலேஜ் கணக்கிலும் ஏறும். எதிர்க்கறவங்க காரணத்தோட எதிர்க்கவும்.

பேசின்பாலம்:
காரணம் இதோ. தேசிய கிரெடிட் கட்டமைப்பில் ஒரு கிரெடிட்னா 30 மணி நேரம், வீட்டில் படிக்கறதும் சேர்த்து. மூணு கிரெடிட்டுக்கு 90. பன்னிரண்டு வாரத்துக்குப் பிரிச்சா வாரம் ஏழரை மணி. சனிக்கிழமை மூணு மணி வகுப்பு போக, பாக்கி நாலரை மணி எங்கேர்ந்து வரும்? ஏற்கெனவே ஆறு பாடம் இருக்கு. அமெரிக்கா கதையையும் பாதிதான் சொல்றீங்க சார். அங்கே அந்த மார்க் காலேஜ் டிரான்ஸ்கிரிப்டில், அதாவது மதிப்பெண் பதிவில், நிரந்தரமா நிக்கும். பதினாறு வயசுல வாங்கின எஃப் (ஃபெயில்) கூடவே வரும். அந்தக் கிரெடிட்டை ஏத்துக்காத தனியார் பல்கலைக்கழகங்களும் உண்டு.

மணலி எக்ஸ்பிரஸ்:
காலேஜுக்கு ஏன் நடக்கணும்? ஐஐடிகள் நடத்தற ஆன்லைன் வகுப்பு, என்பிடெல் இருக்கே. சேர்றது இலவசம், தேர்வுக்குத்தான் காசு. 12 வாரக் கோர்ஸுக்கு 3 கிரெடிட்.

ஆபீஸ் ஃபைல்:
தம்பி, அந்த சர்டிபிகேட்டை எந்தக் கவுன்ட்டரில் நீட்டுவீங்க? யுஜிசி 2021 விதிப்படி ஒரு செமஸ்டரில் 40 சதவீதம் வரை ஸ்வயம் (என்பிடெல்லும் இருக்கற மத்திய அரசு ஆன்லைன் தளம்) கோர்ஸ் எடுக்கலாம், வாஸ்தவம். ஆனா பையன் அந்தக் காலேஜ் ரோலில் இருக்கணும், இந்தப் பேப்பருக்கு இந்தக் கோர்ஸ்னு காலேஜ் முன்கூட்டியே ஒப்புதல் கொடுத்திருக்கணும். அட்மிஷனுக்கு முன்னாடி முடிச்சதை ஏத்த மார்க் ஷீட்டில் கட்டமே கிடையாது.

தேதியும் இடிக்கும். என்பிடெல் ஜனவரி பேட்ச் நடுவில் மார்ச்சில் பிளஸ் டூ பொதுத்தேர்வு. ஜூலை பேட்ச் நடுவில் காலாண்டு. அந்தத் தேர்வு வாரங்களில்தான் வாராவாரம் தர்ற அசைன்மென்ட் கைநழுவும். 12ல் சிறந்த 8 கணக்கு, அதனால நாலு போனா பரவாயில்லை, அஞ்சாவதிலிருந்து சைபர். அசைன்மென்ட்டில் 25க்கு 10, தேர்வில் 75க்கு 30, ரெண்டும் தனித்தனியா வேணும். தேர்வில் 70 வாங்கி அசைன்மென்ட் 9ல நின்னா சர்டிபிகேட் கிடையாது.

மணலி எக்ஸ்பிரஸ்:
அப்போ ஐஐடி மெட்ராஸ் ஸ்கூல் பசங்களுக்கு நடத்தற ஸ்கூல் கனெக்ட் கோர்ஸ்?

ஆபீஸ் ஃபைல்:
அது எட்டு வாரம், சர்டிபிகேட்டோட சரி. ஐஐடியோட பிஎஸ் டேட்டா சயின்ஸ் ஆன்லைன் டிகிரி வேற. பிளஸ் ஒன் முடிச்சவங்களே அதுக்கான தகுதித் தேர்வு, குவாலிஃபயர் எழுதலாம். நாலு வாரப் பாடம், வாராவாரம் அசைன்மென்ட், அப்புறம் நேரில் தேர்வு. தேறினா பிளஸ் டூ முடிச்சுட்டு சேரலாம். கிடைக்கறது சீட், கிரெடிட் இல்லை.

வண்ணை வாத்தி:
கட்டம் இல்லைன்னா போட்டுட்டா போச்சு. டிப்ளமா முடிச்சவன் நேரா பி.இ. ரெண்டாம் வருஷம் சேர்றான். பிளஸ் டூ முடிச்சவன் பாலிடெக்னிக் ரெண்டாம் வருஷம் சேர்றான். அரசாணை போட்டதால நடக்குது. மூணு கிரெடிட் வேணாம், டிகிரியில் நாலாம் பகுதியில் (மெயின் பாடத்துக்கு வெளியே) வர்ற ரெண்டு கிரெடிட் விருப்பப் பாடம் போதும். 60 மணி நேரம். அதில் பாதி வகுப்பு, பத்து சனிக்கிழமையில் முடிஞ்சிடும். ஃபர்ஸ்ட் கிளாஸுக்கு மெயின் பாடம் இருக்கற மூணாம் பகுதியைத்தான் பார்ப்பாங்க, அதனால மார்க் கொறஞ்சாலும் அடி இல்லை. பாஸானா மட்டும் ஏத்துங்க, ஃபெயிலானா பதிவே வேணாம்.

பேசின்பாலம்:
அது சரி, ஒத்துக்கறேன். பாடம் எடுக்கறது யாரு? அமெரிக்காவில் பல இடங்களில் ஸ்கூலிலேயே காலேஜ் பேப்பர் நடத்த, அந்தப் பாடத்தில் முதுகலையோ, வேற முதுகலையோட அந்தப் பாடத்தில் 18 முதுகலை கிரெடிட்டோ இருக்கற ஆசிரியர் வேணும். அதில்தான் ஏழை ஏரியா ஸ்கூல் மாட்டுது. இங்கே கெஸ்ட் லெக்சரர் தலையில கட்டினீங்கன்னா, சனிக்கிழமைக்குத் தனிச் சம்பளம்னு ஆணையிலேயே எழுதணும். அப்புறம், நர்சிங் போற பொண்ணுக்கு இந்த ரெண்டு கிரெடிட் எதுக்கு?

ஆபீஸ் ஃபைல்:
எதுக்கும் இல்லை. கலை அறிவியல் போறவங்களுக்குன்னு சேர்க்கும்போதே சொல்லிடணும். பதியும்போது எமிஸ் நம்பரை (ஸ்கூலில் ஒவ்வொரு பையனுக்கும் இருக்கற அரசு அடையாள எண்) போடுங்க, பேரை பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் உள்ளபடியே எழுதுங்க. ஆதாரில் இனிஷியல் முன்னாடி, இங்கே பின்னாடின்னு இருந்தா, கிரெடிட்டைச் சேர்த்து வைக்கற கிரெடிட் பேங்க் கணக்கு ஒட்டாது. அதைச் சரிபண்ண இ-சேவை மையத்துக்கு அலையறதுலயே பத்து சனிக்கிழமை போயிடும்.