ரப்பர் ஷீட்டின் சுருதி இறங்கிவிட்டது, கிளாம்ப் காரணமா?

பட்டர்வொர்த் பையன்:
கல்லூரி புராஜெக்ட். 20 செ.மீ. வளையத்தில் கறுப்பு ரப்பர் ஷீட்டை இழுத்து மாட்டி, அடியில் ஸ்பீக்கர் வைத்து அதிர வைக்கிறேன். முதல் நாள் 128 ஹெர்ட்ஸில் நன்றாக அதிர்ந்தது. ஓரத்தில் ஒரு மடிப்பு தெரிந்ததால் கழற்றி, இடவலமாக நன்றாக இழுத்துவிட்டு, பழைய மார்க்கிலேயே மாட்டினேன். இப்போது 117. கிளாம்ப் நழுவுகிறதா அண்ணே? இரண்டு முறை முடுக்கிவிட்டேன், ஒரு மாற்றமும் இல்லை.

கூலிம் அண்ணன்:
தம்பி, இழுப்பதற்கு முன் ஷீட்டில் பேனாவால் கட்டம் போட்டாயா?

பட்டர்வொர்த் பையன்:
போட்டேன். 10 மி.மீ. கட்டம், மாட்டியதும் 13 ஆனது. இப்போதும் இரண்டு பக்கமும் 13தான்.

கூலிம் அண்ணன்:
அப்போ கிளாம்ப் மேல் பழி போடாதே. நீட்சி அப்படியே இருக்கிறது, இழுவிசைதான் போய்விட்டது. கரித்தூள் கலந்த ரப்பரை ஒரு தடவை அதிகமாக இழுத்துவிட்டால், அந்த அளவுக்குக் கீழே அது மெத்தென்று ஆகிவிடும். 1947-இல் இதை ஆராய்ந்து எழுதிய மல்லின்ஸ் பெயரில்தான் மல்லின்ஸ் விளைவு என்கிறார்கள். அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது, ஆக உன் 128, 117 கணக்குப்படி இழுவிசை கிட்டத்தட்ட 16 சதவீதம் குறைந்திருக்கிறது. கிளாம்பை எவ்வளவு முடுக்கினாலும் அது திரும்பாது. ஸ்பீக்கர் சுருதியை ஏற்றிக்கொண்டே போனால், ஷீட் மறுபடி பலமாக அதிரும் இரண்டாவது உச்சம் எங்கே வருகிறது?

பட்டர்வொர்த் பையன்:
அதுதான் வேடிக்கை. முன்பு 204-இல் ஒன்றுதான், இப்போது 181, 191 என்று இரண்டு!

கூலிம் அண்ணன்:
பிடிபட்டாய்! இடவலமாக மட்டும் இழுத்தாய் அல்லவா, அந்தத் திசையில்தான் அதிகம் தளர்ந்திருக்கிறது. வட்டச் சவ்வில் ஒரே சுருதியில் இருக்க வேண்டிய ஜோடி அதிர்வுகள், திசைக்கு ஒன்றாகப் பிரிந்துவிட்டன. கழற்று. மேல்கீழாகவும் அதே அளவு, கட்டம் 15 மி.மீ. வரும்வரை நாலைந்து தடவை இழு. பெரும்பாலான தளர்வு முதல் இழுப்பிலேயே வந்துவிடும், மற்றதெல்லாம் மிச்சத்துக்கு. அப்புறம் 13-க்கு மாட்டி ஒரு ராத்திரி விட்டுவிடு. மாட்டிய பிறகு இழுவிசை மெதுவாக இறங்கும் தளர்ச்சி வேறு விஷயம், அதுவும் அடங்கிய பிறகு அள. வெயிலில் மட்டும் வைக்காதே, சூட்டில் பழைய விறைப்பு கொஞ்சம் திரும்பி வரும்.

பட்டர்வொர்த் பையன்:
செய்து பார்த்தேன். 111-க்கு இறங்கியது, ஆனால் மேலே 177-இல் ஒரே உச்சம். உள்ளங்கையால் மெதுவாகப் பத்துத் தடவை அமுக்கினேன், நகரவில்லை. கட்டத்தை 14-க்குக் கூட்டினால் 128 கிட்ட வருகிறது.

கூலிம் அண்ணன்:
அங்கேயே நில். 15-ஐத் தாண்டினால் மறுபடி முதலிலிருந்து.