சிவிஎஸ் (ஃபைல்களோட ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவு பண்ணி வைக்கிற வெர்ஷன் கன்ட்ரோல் மென்பொருள்) கையேட்டத் தமிழ்ல எழுதும்போது, அதோட 'ஆட்டிக்' ஃபோல்டருக்கு 'பரண்' போதுமே, எதுக்கு அழிகோப்பகம்?

> ஆட்டிக் = அழிகோப்பகம்னு போட்டிருக்கேன், சரியான்னு பார்த்து சொல்லுங்க

சரியா வரல தோழர். அழிஞ்சாதானே அது அழிகோப்பகம். சிவிஎஸ்ல அடிமரத்துல (ட்ரங்க், அதாவது முதன்மை வரிசைல) ஒரு ஃபைல ரிமூவ் போட்டு கமிட் பண்ணா (மாற்றத்தப் பதிவு பண்ணா), ரெபாசிட்டரில, அதாவது எல்லாம் சேமிச்சிருக்குற கிடங்குல இருக்குற அதோட கமா-வி ஃபைல் (அந்த ஃபைலோட மொத்த வரலாறும் இருக்குற ',v' ஃபைல்) அப்படியே ஆட்டிக்ங்கற உள் ஃபோல்டருக்குப் போயிடும், கடைசியா ஒரு ரிவிஷன் (பதிப்பு) 'டெட்'னு விழும், அவ்ளோதான், பழைய ரிவிஷன் ஒண்ணு கூட காணாம போகாது. இன்னொரு கூத்து இருக்கு. கிளையில (அடிமரத்துலேர்ந்து தனியா பிரிச்ச பிரான்ச்ல) மட்டும் புதுசா சேர்த்த ஃபைல், அடிமரத்துல இருந்ததே இல்ல, அதையும் சிவிஎஸ் ஆட்டிக்லதான் கொண்டு போய் வைக்கும். யாருமே அழிக்காத ஃபைல், தினமும் எடிட் ஆகிட்டு இருக்குற ஃபைல், அது அழிகோப்பகத்துல இருக்குன்னு கையேட்டுல எழுதுனா படிக்கிறவன் தலைய சொறிவான்.

அதான் பரண்ங்கறேன். இங்கிலீஷ்லயும் அது வீட்டுக்கு மேல சாமான் போட்டு வைக்கிற இடம்தானே. கூடவே வினையும் ஓசில வருது பாருங்க, பரண்ல ஏத்து, பரண்லேர்ந்து இறக்கு. அடிமரத்துல ஃபைல திரும்ப ஆட் பண்ணி கமிட் அடிச்சா அது நிஜமாவே ஆட்டிக்க விட்டு வெளிய வந்துடும்.

'டெட்'டுக்கு ஒருத்தர் 'நீத்தார்'னு எழுதியிருந்தார், நல்லா சிரிச்சேன் :) நான் 'இல்நிலை'ம்பேன். அந்த ரிவிஷன்ல ஃபைல் இல்ல, அத மட்டும் சொன்னா போதும்.

> அப்போ கிட்லயும் (சிவிஎஸ் மாதிரியே இன்னொரு வெர்ஷன் கன்ட்ரோல்) டெலீட்டுக்கு 'பரணேற்று'ன்னே வச்சிடலாமே

வேணாங்க. கிட்ல பரணே கிடையாது. அடுத்த கமிட்டோட ட்ரீல (ஃபைல் பட்டியல்ல) அந்தப் பேரு இருக்காது, பழைய கமிட்ல இருக்கும், எதுவும் எங்கயும் நகரல. 'நீக்கு' போதும். 'அழி'ய மட்டும் இதுக்கு செலவு பண்ணிடாதீங்க, வரலாற்றையே திருத்தி எழுதி தூக்கறோமே அதுக்கு அது வேணும். ரெண்டையும் குழப்பி நானே பட்டிருக்கேன். பாஸ்வேர்டு இருந்த கான்ஃபிக் ஃபைல தெரியாம கமிட் பண்ணிட்டு, கிட் ஆர்எம் (ஃபைல நீக்கற கட்டளை) போட்டு, பொது ரெபாசிட்டரிக்கு புஷ் பண்ணி, 'அழிச்சாச்சு'ன்னு கமிட் மெசேஜும் எழுதிட்டு நிம்மதியா போயிட்டேன், மறுநாள் கூட வேலை பார்த்தவர் லாக்ல டிஃப்-ஃபில்டர் டி போட்டு (ஃபைல் நீக்கின கமிட்ட மட்டும் காட்டச் சொல்லி) அந்தக் கமிட்டப் புடிச்சு, அதுக்கு முந்தினதுலேர்ந்து ஃபைல செக்அவுட் பண்ணி, அதாவது திரும்ப வெளிய எடுத்து, பாஸ்வேர்ட எனக்கே வாசிச்சுக் காட்டுனார். 'நீக்கியாச்சு'ன்னு எழுதியிருந்தா மட்டும் அது தப்பிச்சிருக்காது, ஒத்துக்கறேன், ஆனா எழுதும்போதாவது எனக்கு உறைச்சிருக்கும்.

ஒண்ணு மட்டும் இன்னும் இடிக்குது. கிட் ஆர்எம்மோட கேஷ்டுங்கற ஆப்ஷன் போட்டா ஃபைல் டிஸ்க்ல அப்படியே இருக்கும், ட்ராக்கிங் (கிட் அந்த ஃபைலக் கணக்குல வச்சிருக்கறது) மட்டும் நின்னுடும். அத 'நீக்கு'ன்னா ஃபைலே போச்சுன்னு பயப்படுவாங்க. பேசும்போது 'கணக்குலேர்ந்து எடு'ன்னு சொல்லிடறேன், ஆனா மெனுல போட நீளம். 'விடுவி' எப்படி இருக்கும்?