விரால் அடிப்பான்: பார்த்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்

வணக்கம். ஏரிப்பக்கம் வரும் ஒரு விரால் அடிப்பானை (மீன் பிடித்துத் தின்னும் வேட்டைப்பறவை, ஆங்கிலத்தில் Osprey) கொஞ்ச நாளாகக் கவனித்து வருகிறேன். பறவை எது என்பதில் குழப்பமில்லை: வெள்ளை வயிறு, கண் வழியாக ஓடும் கரும்பட்டை, கால்களை முன்னே நீட்டித் தண்ணீரில் பாயும் விதம். வெளிவிரலைப் பின்னால் திருப்ப முடிவதாலும், பாதத்தில் முள் முள்ளாக இருப்பதாலும் மீன் வழுக்குவதில்லை என்று படித்திருக்கிறேன். மேலே எழுந்து உடம்பை உதறிவிட்டு, மீனின் தலை முன்னால் வரும்படி திருப்பிக்கொள்கிறது. அந்த லாவகத்தை எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்கவில்லை!

புரியாதது அதற்கப்புறம் நடப்பதுதான். மீனைத் தின்று முடித்ததும் தாழப் பறந்து, கால்களைத் தண்ணீரில் உரசியபடியே கொஞ்ச தூரம் போகிறது. சில சமயம் திரும்பி வந்து மறுபடியும் அதையே செய்கிறது. ஒட்டிய செதிலையும் பிசுக்கையும் கழுவுகிறதா, சூட்டைத் தணிக்கிறதா?

இன்னொன்று. இதன் முதுகு இறகுகளுக்கு வெளிறிய ஓரம் இருக்கிறது, கண் மஞ்சளாக இல்லாமல் ஆரஞ்சாகத் தெரிகிறது. இளம்பறவை என்று நினைக்கிறேன், சரிதானா? அந்த ஓரம் எத்தனை மாதத்தில் தேய்ந்து மறையும்? கண்ணால் பார்த்தவர்கள் சொன்னால் நல்லது. படம் மங்கல்தான், வேண்டுமென்றால் போடுகிறேன்.