பைக்யூட்டியில் செய்து விற்றுக்கொள், லைசென்ஸை யார் பார்க்கப் போகிறார்கள் என்பவர்களுக்கு

சிங்காநல்லூர்க்காரன்

பைத்தானில் முதல் டெஸ்க்டாப் ஆப் எழுத எதை எடுப்பது என்று நேற்று ஒரு கல்லூரிப் பையன் கேட்டிருந்தான். அதற்கு வரிமேல்வரி எழுதிய பதிலை இப்போதுதான் பார்த்தேன். "பைக்யூட்டி6 போடு, பிப்பில் வந்துவிடும், இலவசம், செய்து கடைக்காரருக்கு விற்றுக்கொள், லைசென்ஸை யாரும் வந்து பார்க்கப் போவதில்லை." படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. புதிதாக வருகிறவனுக்குச் சொல்லித்தருகிற லட்சணமா இது?

ஜன்னல், பொத்தான் எல்லாம் தருகிற க்யூட்டி நூலகத்தைப் பைத்தானில் பயன்படுத்த உதவுவது பைக்யூட்டி. அது ரிவர்பேங்க் கம்ப்யூட்டிங் நிறுவனத்துடையது. இரண்டே வழிதான் உண்டு. ஒன்று ஜிபிஎல் 3 என்ற திறந்த உரிமம். இல்லையென்றால் டெவலப்பர் தலைக்கு ஒன்று என்று காசு கொடுத்து வாங்குகிற வணிக உரிமம். ஜிபிஎல்லில் எடுத்தால் ஆப்பை வாங்குகிறவருக்கு மூலநிரலையும் அதே உரிமத்தில் கொடுத்தாக வேண்டும். கொடுப்பீர்களா? மாட்டீர்கள். அதே க்யூட்டிக்கான பைசைடு6 அப்படியில்லை. க்யூட்டி நிறுவனமே வெளியிடுகிறது, ஜிபிஎல்லின் தளர்ந்த வடிவமான எல்ஜிபிஎல்லில் கிடைக்கிறது, நம் நிரலை மூடிவைத்தே விற்கலாம். எழுதுவதிலும் பெரிய மாற்றம் கிடையாது, இம்போர்ட் வரி மாறும், அவ்வளவுதான்.

நான் பம்புக் கடைக்கும் ஜவுளிக் கடைக்கும் பில்லிங் மென்பொருள் விற்றுத்தான் சாப்பிடுகிறேன். எல்லாமே பைசைடு6. ஒரே இஎக்ஸ்இ, இரட்டை கிளிக், வேலை முடிந்தது.

வரிமேல்வரி

என் பெயரைச் சொல்லியே இழை திறந்திருக்கிறீர்கள், மகிழ்ச்சி. போன மாதம் எஸ்க்யூலைட் விஷயத்தில் நான் உங்களைத் திருத்தியது இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது.

ஜிபிஎல் விற்கக் கூடாது என்று எங்கேயும் சொல்லவில்லை. எந்த விலைக்கும் விற்கலாம், வாங்கியவருக்கு மூலநிரல் போக வேண்டும், அவ்வளவுதான். அது இருக்கட்டும். உங்கள் கடைசி வரியில் நீங்களே மாட்டிக்கொண்டீர்கள். "ஒரே இஎக்ஸ்இ." பைத்தான் நிரலை இஎக்ஸ்இ ஆக்கும் பைஇன்ஸ்டாலரில், எல்லாம் ஒரே கோப்பாக வர ஒன்ஃபைல் என்று கொடுத்துக் கட்டியதுதானே? எல்ஜிபிஎல் 3-இன் நாலாவது பிரிவை ஒருமுறையாவது படித்தீர்களா? பயனர் க்யூட்டியைத் தன் விருப்பத்துக்கு மாற்றி, மாற்றிய நூலகத்தோடு உங்கள் ஆப்பை ஓட்ட முடிய வேண்டும் என்கிறது. எல்லாவற்றையும் ஒரே கோப்புக்குள் அடைத்துக் கொடுத்தால் கடைக்காரர் எந்த டிஎல்எல்லை, அதாவது நூலகக் கோப்பை, எங்கே போய் மாற்றுவார்?

ஊருக்கு உபதேசம் செய்ய வந்தவர் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும்.

சிங்காநல்லூர்க்காரன்

ஒன்ஃபைல் எப்படி ஓடுகிறது என்று தெரியாமல் பேசக் கூடாது. அந்த இஎக்ஸ்இயைத் திறந்ததும் டெம்ப் ஃபோல்டருக்குள் _எம்இஐ என்று தொடங்கும் ஒரு ஃபோல்டரை உண்டாக்கி, உள்ளே இருப்பதையெல்லாம் அங்கே விரித்துப் போட்டுத்தான் ஓடுகிறது. போய்ப் பாருங்கள், க்யூட்டி6கோர் டிஎல்எல் தனியாகக் கிடக்கும். இது டைனமிக் லிங்க். நூலகம் தனியே நின்று ஓடும்போது சேர்வது, நிரலுக்குள்ளேயே கலந்துவிடும் ஸ்டாட்டிக் இல்லை. டைனமிக் லிங்க் என்றால் எல்ஜிபிஎல்லுக்குச் சரி. முடிந்தது.

எஸ்க்யூலைட் விஷயத்தில் யார் யாரைத் திருத்தியது என்பது அந்த இழையைப் படித்தவர்களுக்குத் தெரியும்.

வரிமேல்வரி

ஆப்பை மூடியதும் அந்த ஃபோல்டர் அழிந்துபோகும். அடுத்த முறை திறந்தால் இஎக்ஸ்இக்குள் இருக்கிற அதே டிஎல்எல்தான் மறுபடி வெளியே வரும். மாற்றியது எங்கே நிற்கும்?

பழைய_முனையம்

தம்பிகள் இரண்டு பேரும் லைசென்ஸ், லைசென்ஸ் என்று அடித்துக்கொள்கிறீர்கள். ஜன்னல் வரைய டிகின்டர் என்ற நூலகம் பைத்தானோடு சேர்ந்தே வருகிறது. அதன் அடியில் இருக்கும் டிகேயின் உரிமம் பிஎஸ்டி வகை, நிரலை மூடிவைத்து விற்கவும் தடையில்லை, வழக்கறிஞர் தேவையில்லை. 1991-இல் ஜான் அவ்ஸ்டர்ஹவுட் டிகேயைக் கொடுத்ததிலிருந்து இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது. பைத்தான் எழுதும் எடிட்டர் ஐடில் எதில் எழுதியது? டிகின்டர். அதே மாதிரி எடிட்டரான தானி எதில் எழுதியது? அதுவும் டிகின்டர்தான். நான் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்த சரக்கு இருப்பு நிரல் நான் ஓய்வு பெற்ற பிறகும் அங்கே ஓடுகிறது. நூறு மெகாபைட்டுக்கு இஎக்ஸ்இ கட்டி அனுப்பும் அவசியம் எனக்கு வந்ததே இல்லை.

யாழ்_இளவல்

ஐயா, நீங்கள் விண்டோஸில் மட்டும் பாவிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நாங்கள் பள்ளிக்கூடங்களுக்கு உபுண்டுதான் போட்டுக் கொடுக்கிறது. அங்கே டிகின்டரைத் தனியாக நிறுவ வேண்டும், கூடவே வராது. அதை விடுங்கள். லினக்ஸில் டிகே 8.6 தமிழை எழுத்தெழுத்தாக அப்படியே அடுக்கி வைக்கும். "கெ" என்று தட்டினால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். "கொ" என்றால் கொம்பும் காலும் இரண்டும் வலப்பக்கம். "பு", "டு" ஒன்றும் சேராது. மாணவர் பெயர்ப் பட்டியல் முழுக்க இப்படித்தான் வந்தது. அதே எழுத்துருவைக் க்யூட்டியில் போட்டால் ஒரு பிசகும் இல்லை, எழுத்துகளைச் சேர்க்கும் ஹார்ஃப்பஸ் நூலகம் உள்ளே இருந்து சேர்த்து விடுகிறது. எங்கள் மொழியை ஒழுங்காகக் காட்டாத ஒன்றைத் தொழிலுக்கு எடுங்கள் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

பழைய_முனையம்

விண்டோஸில் தமிழ் சரியாகத்தான் தெரிகிறது. கடைக்காரர் எத்தனை பேர் உபுண்டு வைத்திருக்கிறார்கள்?

யாழ்_இளவல்

நான் கடையைப் பற்றிக் கதைக்கவில்லை ஐயா. பள்ளிக்கூடம்.

சிங்காநல்லூர்க்காரன்

இளவல் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. பில் பிரின்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். எண்பது மில்லிமீட்டர் தெர்மல் பிரின்டரில் தமிழை எழுத்தாக அனுப்பினால் குப்பைதான் வரும், படமாகத்தான் அனுப்ப வேண்டும். நான் க்யூஇமேஜில் 576 புள்ளி அகலத்துக்கு ஒரு படம் எடுத்து, க்யூபெயின்டரால் ஒவ்வொரு வரியையும் வரைந்து அனுப்புகிறேன். "மோட்டார் காயில் கட்டுக்கூலி" என்று கணீரென்று விழுகிறது. இதை டிகின்டரில் செய்து காட்டுங்கள் பார்ப்போம். படம் வரையும் பில்லோ நூலகத்தைக் கூப்பிட வேண்டும், அதிலும் எழுத்துச் சேர்க்கும் ராக்ம் இல்லையென்றால் தமிழ் உடையும்.

அப்புறம் வரிமேல்வரிக்கு. _எம்இஐ ஃபோல்டர் அழிந்துபோனால் என்ன? ஓடுகிற நேரத்தில் டிஎல்எல் தனிக் கோப்பாக இருக்கிறதா, இல்லையா? இருக்கிறது. அது டைனமிக் லிங்க். பைஇன்ஸ்டாலர் கட்டிய இஎக்ஸ்இயைப் பிரித்து எடுக்கக் கருவிகளும் இருக்கின்றன. மாற்ற வேண்டியவர் பிரித்து மாற்றிக்கொள்ளட்டும். நான் தடுக்கவில்லை.

வரிமேல்வரி

பயனர் கணினியில் ஏற்கெனவே இருக்கிற நூலகத்தின் பிரதியை ஆப் ஓடும்போது பயன்படுத்த வேண்டும், மாற்றிய பிரதியோடும் அது ஒழுங்காக ஓட வேண்டும். பிரிவில் இருப்பது இது. உங்கள் ஆப் தானே கொண்டுவந்து கொட்டிய பிரதியைத் தானே பயன்படுத்துகிறது. "பிரித்து எடுத்துக்கொள்" என்று உரிமத்தில் எங்கே இருக்கிறது? வரியைக் காட்டுங்கள்.

இன்னொன்று. பைசைடு, பைசைடு என்று தலையில் தூக்கி வைத்து ஆடுகிறீர்களே, அதன் கதை தெரியுமா? பைக்யூட்டி 1998-இலிருந்து ஃபில் தாம்ப்ஸன் தூக்கிச் சுமப்பது. க்யூட்டி நோக்கியா கையில் இருந்தபோது எல்ஜிபிஎல்லில் தரச் சொல்லி ரிவர்பேங்கிடம் பேசிப் பார்த்தார்கள், ஒத்துவரவில்லை, அதனால் 2009-இல் பைசைடைத் தொடங்கினார்கள். நோக்கியா க்யூட்டியை டிஜியாவிடம் தள்ளிவிட்டுப் போனதும் பைசைடு கேட்பாரற்றுக் கிடந்தது. க்யூட்டி5-க்கு பைக்யூட்டி 2013-இலேயே வந்துவிட்டது. பைசைடு2 முறையாக வந்தது 2018-இல். நடுவில் அத்தனை வருடம் அதை நம்பியவர்கள் என்ன செய்தார்கள்? பைக்யூட்டிக்குத்தான் வந்தார்கள். மின்னூல்களுக்கான காலிபர் இன்றைக்கும் பைக்யூட்டி. மனப்பாட அட்டைகளுக்கான ஆங்கி பைக்யூட்டி. அதெல்லாம் தொழில்முறை இல்லையா?

சிங்காநல்லூர்க்காரன்

காலிபர் தன் மூலநிரலை ஜிபிஎல்லில் திறந்து வைத்திருக்கிறது. நீங்கள் விற்கிற ஆப்பின் மூலநிரல் எங்கே? சுட்டி கொடுங்கள். கொடுக்க மாட்டீர்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அப்புறம் எந்த வாயால் எனக்கு நாலாவது பிரிவு சொல்லித்தருகிறீர்கள்?

நிலாச்சோறு

"இம்போர்ட் வரி மாறும், அவ்வளவுதான்" என்று முதல் பதிவில் இருக்கிறது. அது எவ்வளவு பெரிய பொய் என்று எங்கள் துறையில் கேளுங்கள். நான் சென்னையில் விஎஃப்எக்ஸ் பைப்லைன் வேலை பார்க்கிறேன். நாங்கள் பயன்படுத்துகிற 3டி மென்பொருள் மாயா 2024 வரை பைசைடு2. மாயா 2025-இல் பைசைடு6. க்யூஆக்ஷன் விட்ஜெட்ஸ் மாட்யூலிலிருந்து ஜியுஐ மாட்யூலுக்குப் போய்விட்டது, பைசைடோடு வரும் இணைப்புக் கருவி ஷிபோக்கனின் பெயர் மாறியது, கலைஞர்கள் தினமும் திறக்கிற டூல்கள் வரிசையாக விழுந்தன. ஒரே பைசைடுக்குள்ளேயே இந்தக் கதி. ஆளைச் சேர்க்கும்போது எந்தப் பதிப்பு என்று சொல்லாமல் "க்யூட்டி எடு" என்று மட்டும் சொல்வது அநியாயம்.

உங்கள் சண்டைக்கும் ஒரு வார்த்தை. ஒன்ஃபைலுக்குப் பதில் ஒன்டிர், அதாவது ஒரே ஃபோல்டராக, என்று கொடுத்துக் கட்டுங்கள். டிஎல்எல் எல்லாம் ஃபோல்டரில் வெளியே இருக்கும், மாற்றினால் மாற்றியது நிற்கும். இன்னோ செட்டப்பில் சுருட்டி ஒரு இன்ஸ்டாலராகக் கொடுத்தால் கடைக்காரருக்கும் ஒரே கோப்புதான் போகும். உரிமப் பிரதியையும் அறிவிப்பையும் கூடவே வையுங்கள். ஆப்பும் சீக்கிரம் திறக்கும், ஒவ்வொரு முறையும் விரித்துப் போட வேண்டியதில்லை.

சிங்காநல்லூர்க்காரன்

ஒன்டிர் எனக்கும் தெரியும் தம்பி. இல்லாத பிரச்சினைக்கு எதற்குத் தீர்வு? ஒன்ஃபைலே சரி என்னும்போது நான் ஏன் மாற வேண்டும்? மாறினால் நாளைக்கே "பார்த்தீர்களா, ஒத்துக்கொண்டார்" என்று வரிமேல்வரி எழுதுவார்.

நான் சொன்னது பைக்யூட்டி6-இலிருந்து பைசைடு6-க்கு வருவதைப் பற்றி. மாயா கதையை இங்கே இழுக்காதீர்கள்.

நிலாச்சோறு

தம்பியா? என் பதிவுகளை இத்தனை நாளாகப் படிக்கிறீர்கள், நான் பெண் என்பது தெரியாதா? உங்களுக்குப் பிடிக்காத எதையாவது எழுதினால் எழுதியவர் தம்பியாகிவிடுகிறார். பழைய_முனையமும் இதே வேலைதான் செய்கிறார்.

பழைய_முனையம்

நான் வயதில் மூத்தவன் அம்மா. தம்பி என்பது அன்பில் சொல்வது. அதைப் போய் இப்படி எடுத்துக்கொண்டால் என்ன செய்வது?

நிலாச்சோறு

அன்பை டிகின்டரில் மங்கலாகத் தெரிகிற எழுத்துகளைச் சரிசெய்வதில் காட்டுங்கள் ஐயா. பெரிய ரெசல்யூஷன் திரையில் சிடைப்ஸ் மாட்யூலைக் கூப்பிட்டு, டிபிஐ அவேர், அதாவது திரையின் அடர்த்தி அறிந்த ஆப், என்று விண்டோஸுக்குச் சொன்னால்தான் தெளிகிறது. அதைச் சொல்லாமல் "பைத்தானோடே வருகிறது" என்பது பாதி உண்மை.

கரைவேட்டி

டபிள்யூஎக்ஸ்பைத்தான் என்று இன்னொரு ஜன்னல் நூலகம் இருப்பதே இங்கே யாருக்கும் நினைவில்லையா? விண்டோஸில் விண்டோஸின் பொத்தான், மேக்கில் மேக்கின் பொத்தான். உரிமம் எல்ஜிபிஎல் போன்றதுதான், ஆனால் பைனரியை நம் விருப்பப்படி கொடுக்கலாம் என்று விதிவிலக்கே எழுதி வைத்திருக்கிறார்கள். ஒன்ஃபைலாவது ஒன்டிராவது, எது வேண்டுமானாலும் கட்டலாம்.

யாழ்_இளவல்

லினக்ஸுக்குப் பிப்பில் வீல், அதாவது முன்பே கட்டி வைத்த பொதி, இல்லையே அண்ணை. கம்பைல் பண்ணப் போட்டால் எங்கள் பழைய கணினிகள் மூச்சு விடாது.

வரிமேல்வரி

கரைவேட்டியின் பேச்சைப் பிறகு பார்க்கலாம். சிங்காநல்லூர்க்காரர் வாயாலேயே வந்துவிட்டது, "மாறினால் ஒத்துக்கொண்டதாகிவிடும்". ஆக உரிமம் முக்கியமில்லை, மானம்தான் முக்கியம்.

இன்னொரு கேள்வி. உங்கள் மென்பொருளின் படம் ஒன்றைப் போன வாரம் போட்டிருந்தீர்கள். தினசரி விற்பனைக்கு அழகாக ஒரு பை சார்ட் இருந்தது. அது க்யூட்டியின் வரைபட மாட்யூலான க்யூட்டி சார்ட்ஸா? ஆமென்றால், க்யூட்டி சார்ட்ஸ் எல்ஜிபிஎல்லில் கிடையாது. ஜிபிஎல், இல்லையென்றால் வணிக உரிமம். அப்படியென்றால் முதல் பதிவில் எனக்குச் சொன்ன அத்தனையும் உங்களுக்கே திரும்புகிறது.

சிங்காநல்லூர்க்காரன்

பேச்சை மாற்றாதீர்கள். பேச்சு ஒன்ஃபைலைப் பற்றி. ஒன்ஃபைல் ஓடும்போது டிஎல்எல் தனிக் கோப்பு. தனிக் கோப்பு என்றால் டைனமிக் லிங்க். இதை இந்த இழையில் ஒருவராலும் மறுக்க முடியவில்லை. ஃபோல்டர் அழிகிறது, ஃபோல்டர் அழிகிறது என்று ஒரே பாட்டு. அழிவது பைஇன்ஸ்டாலரின் வழக்கம், நான் வைத்த பூட்டு இல்லை.

நான் காசு கொடுத்து வாங்குகிற மனிதர்களுக்கு முகம் கொடுத்து விற்கிறேன். கடைக்காரருக்கு ஃபோல்டர் கொடுத்தால் முதல் வாரத்திலேயே ஒரு டிஎல்எல்லை அழித்துவிட்டு ஃபோன் செய்வார். ஸ்டூடியோவுக்குள் உட்கார்ந்து டூல் எழுதுகிறவர்களுக்கு அந்த ஃபோன் வராது.

நிலாச்சோறு

எங்களுக்கு வருவது ஃபோன் இல்லை, ஆளே நேரில் வருவார். இன்ஸ்டாலர் ப்ரோக்ராம் ஃபைல்ஸுக்குள் போட்டால் கடைக்காரர் எப்படித் தவறுதலாக அழிப்பார்? அட்மின் அனுமதி கேட்குமே. அதோடு, ஒன்ஃபைல் இஎக்ஸ்இயைத்தான் ஆன்டிவைரஸ்கள் வைரஸ் என்று அடிக்கடி பிடிக்கின்றன. அந்த ஃபோனை யார் எடுக்கிறார்கள்?

சிங்காநல்லூர்க்காரன்

நான்தான் எடுக்கிறேன். விதிவிலக்கில் சேர்க்கச் சொல்கிறேன், சேர்க்கிறார்கள், ஓடுகிறது.

பழைய_முனையம்

வைரஸ் என்று சொல்கிற கோப்பைக் கடைக்காரரை நம்பச் சொல்வதுதான் தொழில்முறையா? என் நிரலுக்கு இதெல்லாம் வந்ததில்லை. பைத்தானைப் போட்டு, ஃபோல்டரைக் காப்பி செய்தேன், அவ்வளவுதான்.

சிங்காநல்லூர்க்காரன்

ஐயா, பட்டியல் காட்டும் உங்கள் டிகின்டர் டிரீவியூவில் ஐம்பதாயிரம் வரிப் பேரேட்டைத் திறந்து காட்டிவிட்டு வாருங்கள், பேசலாம். அத்தனை வரியையும் உள்ளே ஏற்றிக்கொண்டு முக்கும். க்யூட்டியின் க்யூடேபிள்வியூ கண்ணுக்குத் தெரிகிற வரியை மட்டும் தரவை வைத்திருக்கும் மாடலிடம் கேட்டு வாங்கும்.

பழைய_முனையம்

ஐம்பதாயிரம் வரியை ஒரே திரையில் யார் படிக்கிறார்கள்? தேடல் பெட்டி வைத்து இருநூறு வரி காட்டத் தெரியாதவர்தான் கருவியைக் குறை சொல்வார்.

வரிமேல்வரி

சார்ட்ஸ் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

சிங்காநல்லூர்க்காரன்

மூலநிரல் சுட்டி இன்னும் வரவில்லை. முதலில் கேட்டது நான். அது வந்ததும் சார்ட்ஸைப் பற்றிப் பேசுவோம். அதுவரைக்கும் ஒன்ஃபைல் டைனமிக் லிங்க்தான்.

வரிமேல்வரி

எல்ஜிபிஎல் வரியைக் காட்டுங்கள் என்று அதற்கு முன்பே கேட்டேன். மேலே போய்ப் பாருங்கள்.