டிரெட்மில்லில் 240, வாட்ச்சில் 172: எதைக் கணக்கில் எடுப்பது?

கரூர் கவிதா:

வணக்கம். எங்கள் வீட்டில் ஒரு டிரெட்மில், மாமியாருக்காக வாங்கிய ஒரு காந்த சைக்கிள். டிரெட்மில்லில் மோட்டார் உண்டு, ஆனால் சரிவைக் கையால்தான் மாற்ற வேண்டும். பின்பக்கக் கால்களைத் திருப்பி மூன்று படிகளில் வைக்கலாம்.

எனக்கு 41 வயது, 64 கிலோ. பிள்ளைகள் வேன் ஏறியதும் 5 கி.மீ. வேகத்தில் 40 நிமிடம் நடக்கிறேன். இறங்கும்போது திரையில் 240 கலோரி என்று நிற்கிறது. வாட்ச் 172 என்கிறது. அதே வாட்ச்சின் ஆப்பைத் திறந்தால் ‘ஆக்டிவ்’ என்று 128. ஒரு நடைக்கு மூன்று கணக்கு!

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. என் வீட்டுக்காரர் 88 கிலோ. அவர் அதே வேகத்தில் அதே 40 நிமிடம் நடந்தாலும் 240தான். நான் சரிவைக் கடைசிப் படியில் வைத்து, முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நடந்தாலும் அதே 240தான்.

டிரெட்மில் எண்ணைப் போட்டால், சாப்பாட்டுக் கணக்கு ஆப் ‘இன்னும் 240 சாப்பிடலாம்’ என்கிறது. எடையோ அசைய மாட்டேன் என்கிறது. எந்த எண்ணைப் போடுவது?

ராஜபாளையத்தான்:

வாட்ச்தான் சரி. அது நாடித்துடிப்பைப் பார்த்துச் சொல்கிறது. மெஷின்காரன் நம்மைக் குஷிப்படுத்தக் கூட்டித்தான் போடுவான்.

பெல்ட் மெக்கானிக்:

கவிதா மேடம், திருப்பூர், கோவைப் பக்கம் வீடு வீடாகப் போய் இந்த மெஷின்களை ரிப்பேர் பார்ப்பதுதான் என் பிழைப்பு. கலோரி தப்பாகக் காட்டுகிறது என்று கூப்பிடுகிறவர்கள் நிறைய. மெஷினில் ரிப்பேர் ஒன்றும் இருக்காது. ‘சார், அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்’ என்று சொன்னால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

உங்கள் மெஷினின் போர்டுக்கு ரெண்டே விஷயம் தெரியும்: எவ்வளவு வேகம் வைத்தீர்கள், எத்தனை நிமிடம் ஓடியது. எடையை அது கேட்டதா? கேட்கவில்லை. அதனால்தான் உங்களுக்கும் சாருக்கும் ஒரே 240. 40 நிமிடத்துக்கு 3.33 கி.மீ. வருகிறது. 240-ஐ அதால் வகுத்தால் கிலோமீட்டருக்கு 72. அப்படி ஒரே எண்ணை வைத்துப் பெருக்குகிற போர்டுகள் மலிவு மெஷின்களில் சகஜம். சரிவும் அப்படித்தான். நீங்கள் காலைத் திருப்பி வைத்தது போர்டுக்கு எப்படித் தெரியும்? ஒயர் எதுவும் அங்கே போகவில்லையே. மோட்டாரில் தானாகச் சரிவு மாறும் மெஷின், ஆரம்பத்திலேயே எடை கேட்கும் மெஷின் என்றால் கதை வேறு.

நீங்களே கணக்குப் போடலாம். அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் நடைச் சூத்திரம் இது. வேகத்தை நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் என்று மாற்றுங்கள், 5 கி.மீ. என்றால் 83.3. அதை 0.1-ஆல் பெருக்கி 3.5 கூட்டினால் 11.8. ஒரு கிலோ உடம்பு ஒரு நிமிடத்தில் இத்தனை மில்லி ஆக்சிஜன் இழுக்கிறது என்று அர்த்தம். 64 கிலோ, 40 நிமிடம் என்று பெருக்கினால் சுமார் 30 லிட்டர். லிட்டருக்கு ஏறத்தாழ 5 கலோரி. ஆக, சமதளத்தில் நீங்கள் எரித்தது 150 சொச்சம். சாருக்கு 208 வரும். இரண்டு பேருமே 240-ஐத் தொடவில்லை.

அந்த 3.5 இருக்கிறதே, அது சும்மா உட்கார்ந்திருந்தாலும் செலவாவது. நாற்பது நிமிடம் சீரியல் பார்த்திருந்தாலும் உங்களுக்கு 45 கலோரி போயிருக்கும். அதைக் கழித்தால் நடையால் கூடுதலாகப் போனது 107தான். வாட்ச் ஆப்பில் ‘ஆக்டிவ்’ ஒன்று, ‘டோட்டல்’ ஒன்று என்று வருவதும் இதனால்தான். உங்கள் 172-க்கும் 128-க்கும் வித்தியாசம் 44. இரண்டும் ஒரே கணக்கு; ஒன்றில் சும்மா இருக்கும் செலவு சேர்ந்திருக்கிறது, மற்றதில் இல்லை.

சரிவு வைத்தால்தான் கதை மாறுகிறது. வேகத்தை 1.8-ஆலும் சரிவாலும் பெருக்கிக் கூட்ட வேண்டும். 5 சதவீதச் சரிவு என்றால் 83.3 × 1.8 × 0.05, அதாவது 7.5. மொத்தம் 19.3 ஆகிவிடும். அதே 40 நிமிடத்தில் 247 கலோரி. வேகம் கூட்டவில்லை, நேரம் கூட்டவில்லை, நூறு கலோரி கூடுதல்! முட்டி ஒத்துழைத்தால் வேகத்தைவிடச் சரிவைத்தான் நான் சொல்வேன். உங்கள் கடைசிப் படி எத்தனை சதவீதம் என்று டேப் வைத்துப் பாருங்கள். நடக்கும் பலகையில் ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டு இடம் குறித்து, தரையிலிருந்து இரண்டின் உயரத்தையும் அளந்தால் போதும். 5 செ.மீ. வித்தியாசம் என்றால் 5 சதவீதம். போனில் மட்டம் பார்க்கும் ஆப் டிகிரியில் காட்டும், அதைச் சதவீதம் என்று எழுதிவிடாதீர்கள். 3 டிகிரியே 5 சதவீதத்துக்கு மேல்.

ஆனால் கம்பியைப் பிடித்தால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. உடம்புப் பாரத்தில் ஒரு பங்கைக் கை தாங்கிவிடுகிறது. தள்ளாட்டம் இருப்பவர்கள், வயதானவர்கள் பிடிக்கத்தான் வேண்டும், விழுந்து எலும்பை முறித்துக்கொள்வதைவிட அது மேல். மற்றவர்கள் சரிவை ஒரு படி குறைத்துவிட்டுக் கையை வீசி நடக்கலாம்.

திரையில் 5 என்று இருந்தால் பெல்ட் உண்மையிலேயே 5-இல் ஓடுகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். மெஷினை நிறுத்திவிட்டு பெல்ட்டின் முழுச் சுற்றளவை அளந்துகொள்ளுங்கள். ஓரத்தில் சாக்பீஸ் கோடு ஒன்று போடுங்கள். பிறகு நீங்கள் நடக்கும்போது வேறொருவர் பக்கத்தில் நின்று 20 சுற்று எண்ணட்டும். ஆள் ஏறாமல் ஓடுவதை அளந்து பிரயோஜனமில்லை. பாரம் ஏறினால்தான் பெல்ட்டின் குணம் தெரியும். சுற்றளவு 2.8 மீட்டர் என்றால் 20 சுற்று 56 மீட்டர், 5 கி.மீ. வேகத்தில் 40 வினாடி ஆக வேண்டும்.

சைக்கிளுக்கு இவ்வளவு வேலை இல்லை. ஒரே சீராக மிதித்துக்கொண்டே, இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் நாபை 1-இல் ஐந்து நிமிடம், 8-இல் ஐந்து நிமிடம் வையுங்கள். தொடை எரியும், திரையில் கலோரி மட்டும் ஒரே மாதிரி ஏறும். நாபுக்கும் காந்தத்துக்கும் நடுவே இருப்பது ஒரு கேபிள்தான். மீட்டர் எண்ணுவது சக்கரம் சுற்றுவதை மட்டும்.

ஃபிசியோ பானு:

மெக்கானிக் அண்ணன் சொன்னதோடு வாட்ச் பற்றி ஒரு வார்த்தை. ராஜபாளையத்தாரே, வாட்ச் நாடித்துடிப்பை நன்றாகவே அளக்கும். அதிலிருந்து கலோரிக்குத் தாவும்போதுதான் சறுக்குகிறது. 2017-இல் ஸ்டான்ஃபோர்டில் 60 பேருக்கு ஏழு வகைக் கைப்பட்டைகளைக் கட்டிச் சோதித்தார்கள். ஏழில் ஆறு, துடிப்பில் 5 சதவீதத்துக்குள் சரியாக இருந்தன. கலோரியில் மிக நல்லது என்று வந்ததே சராசரியாக 27 சதவீதம் பிசகியது, மோசமானது 93 சதவீதம். இப்போதைய மாடல்கள் வேறு, ஆனாலும் துடிப்பிலிருந்து ஊகிக்கும் வழி அதேதான்.

சித்திரை வெயிலில் ஃபேன் இல்லாமல் நடந்து பாருங்கள். உடம்பைக் குளிர்விக்கவே இதயம் வேகமாக அடிக்கும், வாட்ச் அதையும் உழைப்பு என்று எழுதிக்கொள்ளும். மாமியார் பிரஷருக்கு அட்டினலால், மெட்டோப்ரொலால் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறாரா? அவை துடிப்பைக் கூடவிடாது. அவர் நன்றாக மிதித்தாலும் வாட்ச் குறைத்துத்தான் காட்டும். அந்த எண்ணைப் பார்த்துவிட்டு இன்னும் வேகமாக மிதிக்கச் சொல்லாதீர்கள். பேச்சுக் கொடுத்துப் பாருங்கள்; முழு வாக்கியமாகப் பதில் சொல்ல முடிந்தால் அவருக்கு அது போதும்.

இரட்டைச் சக்கரம்:

சைக்கிள் மெஷினில் வாட் உண்மையாக அளக்கும் மீட்டர் இருந்தால் வேலை சுலபம். 100 வாட்டில் அரை மணி நேரம் மிதித்தால் 180 கிலோஜூல். ஒரு கலோரி 4.184 கிலோஜூல், உடம்பு எரிப்பதில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான் பெடலுக்கு வருகிறது. ரெண்டும் அடிபட்டுப்போய், கிலோஜூலையே கலோரி என்று எழுதிக்கொள்ளலாம். 180-க்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

துடுப்பு மெஷின் வைத்திருப்பவர்களுக்கு: கான்செப்ட் 2 கம்பெனி மெஷினின் திரை எல்லோரையும் 175 பவுண்ட், அதாவது 79 கிலோ ஆள் என்றே வைத்துக் கணக்குப் போடும். எடைக்கு ஏற்றபடி திருத்திக்கொள்ள அவர்கள் தளத்திலேயே வசதி இருக்கிறது. 55 கிலோ ஆள் திரையை அப்படியே எழுதினால் தனக்குத்தானே தாராளம் காட்டிக்கொள்கிறார்.

கரூர் கவிதா:

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை மகன் சாக்பீஸோடு உட்கார்ந்தான். பெல்ட் நீங்கள் எழுதிய அதே 2.8 மீட்டர். 20 சுற்றுக்கு 43 வினாடி ஆனது. கடைசிப் படி 4 சதவீதம்தான் வருகிறது. நாப் சோதனையை வீட்டுக்காரர் செய்தார். சொன்னபடியே, கலோரி ஒரே மாதிரி ஏறியது, அவர்தான் ஏற முடியாமல் இறங்கிவிட்டார். மாமியார் சாப்பிடுவது மெட்டோப்ரொலால்தான், இனி அவர் கையில் வாட்ச் இல்லை.

அப்படியென்றால் சாப்பாட்டு ஆப்பில் 107 என்று போடட்டுமா?

ஃபிசியோ பானு:

போடவே வேண்டாம் என்பேன். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயே 120 கலோரி. தோசைக்கல்லில் கண்ணளவில் ஊற்றும் எண்ணெயில் வருகிற பிசகு உங்கள் மொத்த நடையைவிடப் பெரிது. நடையைச் சம்பாத்தியமாக எழுதினால் அதைச் செலவழிக்கக் கை துறுதுறுக்கும். ஆப்பில் உடற்பயிற்சியைக் கூட்டும் வசதியை அணைத்துவிட்டு, நோட்டில் நிமிடமும் வேகமும் சரிவும் மட்டும் எழுதுங்கள். இடுப்பளவையும் வாரம் ஒருமுறை எழுதிக்கொள்ளுங்கள்.

பெல்ட் மெக்கானிக்:

43 வினாடி என்றால் 4.7 கி.மீ. வேகம். மோசமில்லை, ஆனால் ஆள் ஏறினால் பெல்ட் இழுபடுகிறது என்று தெரிகிறது. ஆள் இல்லாமல் ஓடவிட்டு இன்னொரு தடவை எண்ணுங்கள். 40-க்குப் பக்கத்தில் வந்தால் அடியில் பலகை காய்ந்திருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெல்ட்டை ஓரத்தில் தூக்கி நடுப்பகுதிக்கு சிலிகான் ஆயில் விடுங்கள், மெதுவாக ஐந்து நிமிடம் ஓடட்டும், அப்புறம் ஏறி அளங்கள். சமையலறையிலிருந்து தேங்காய் எண்ணெயை எடுத்துக்கொண்டு வராதீர்கள். போன மாதம்கூட ஒரு வீட்டில் அதை விட்டு, பெல்ட் ஊறி வழுக்கி, முழுசாக மாற்ற வேண்டியதாகிவிட்டது.